சாமிக்குத் திக்காது

எங்கள் கோயிலில் சாமி வந்தவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த வேலை எனக்கு. மஞ்சள் தண்ணீரில் நனைத்த துண்டை அவர் இடுப்பில் சுற்றி, இரண்டு முனையையும் என் கையில் சுருட்டிக்கொள்வேன். இழுக்கக் கூடாது. விட்டுவிடவும் கூடாது. அவர் எந்தப் பக்கம் போகிறாரோ அந்தப் பக்கம் துண்டைக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். சூலத்தின் மேல் விழாமல், தீச்சட்டியில் கால் வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வாய் திறக்க வேண்டியதில்லை. அதனால்தான் எனக்குக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை.

சாமி வருவது என் மனைவியின் தம்பிக்கு. அவன் என்னை மச்சான் என்பான். நானும் அவனை மச்சான் என்பேன். சிம்பாங் பூலாயில் மார்பிள் அறுக்கும் கம்பெனியில் வேலை. அவனுக்குத் திக்குவாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு சொல்லைத் தொடங்கினால் கழுத்து நரம்பு புடைக்கும், ஒரு கண் மூடிக்கொள்ளும், வலது கால் தரையைத் தட்டும். சொல் வரும்போது நமக்கே மூச்சு வாங்கும்.

ஆனால் சாமி வந்தால் திக்காது. வருடத்தில் அந்த ஒரு மத்தியானம். அம்மன் இறங்கியதும் அவன் பேச்சு தண்ணீர் மாதிரி வரும். எதிரில் நிற்கிறவர்களுக்கெல்லாம் நிறுத்தாமல் வாக்குச் சொல்வான். மற்றக் கோயில்களில் வந்திருப்பது சாமிதானா என்று பார்க்கக் கையில் கற்பூரம் ஏற்றுவார்கள். எங்கள் கோயிலில் அது தேவைப்படவில்லை. அவன் நாக்கே சாட்சி. திக்காமல் பேசுகிறானா, அப்படியானால் பேசுவது அவன் இல்லை. இப்படி யாரும் கூடி முடிவு செய்யவில்லை. பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் அப்படிப் பதிந்துவிட்டது.

கோயில் இருந்த தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் மரங்களைச் சாய்த்து ஒரு பக்கம் செம்பனை வைத்தார்கள். இன்னொரு பக்கம் வீடு கட்டி விற்றார்கள். நாங்கள் பிறந்த லய வீடுகள் இருந்த இடத்தில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வந்துவிட்டது. வாசலில் கார் நிற்கிறது. கோயில் மட்டும் தாமானின் கடைசி வேலிக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருக்கிறது. நாங்கள் எல்லாரும் ஈப்போவிலும் காம்பாரிலும் சிதறிக் கிடக்கிறோம். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜாகா. வாசலில் நின்று கேட்டைத் திறந்து மூடுவது. மற்றவர்கள் லாரி, தொழிற்சாலை, துப்புரவு என்று இருக்கிறார்கள். திருவிழாவுக்கு மட்டும் எல்லாரும் திரும்பி வருவோம்.

எங்களில் ஒருவன் நன்றாகப் பேசுவான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். கல்யாண விருந்தென்றால் மைக்கை அவனிடம்தான் கொடுப்பார்கள். மேனேஜர் மாதிரி பேசுவான், சீன முதலாளி தவுக்கே மாதிரி பேசுவான், டாக்டரம்மா மாதிரி பேசுவான். மண்டபமே சிரிக்கும். அவன் கையிருப்பில் திக்குவாய் ஜோக்கும் உண்டு. அது என் மச்சானை வைத்துச் செய்தது. பெயர் சொல்ல மாட்டான். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கண்ணை மூடிக் காலைத் தட்டுவான். அதுவே போதும்.

ஒரு ஜோக் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு திக்குவாயன் பஸ்ஸில் வருகிறான். காம்பாரில் இறங்க வேண்டும். "கா… கா… கா…" என்று தொடங்குகிறான். சொல்லி முடிக்கும்போது காம்பார் தாண்டித் தாப்பாவே வந்துவிட்டது. கண்டக்டர் கேட்கிறான், "மொதல்லயே சொல்லியிருந்தா கோலாலம்பூருக்கே டிக்கெட் போட்டிருப்பேனே லா."

முதல் தடவை கேட்டபோது நானும் சிரித்தேன். சிரிப்பு வந்தது, சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்தது. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் காம்பாரில் குடியிருந்தோம். மச்சான் அக்காவைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தான். மத்தியானம் வர வேண்டியவன் இருட்டும் நேரத்தில் வந்தான். தலையிலிருந்து கால்வரை மழை. கையில் அக்காவுக்கு வாங்கிய ரொட்டி ஊறிப்போயிருந்தது. பஸ் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னான். அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பஸ் கெட்டுப்போகவில்லை, அவன் தாப்பாவரை போய்த் திரும்பியிருக்கிறான் என்பது பல வருடம் கழித்து, ஒரு கல்யாண மண்டபத்தில், சிக்கன் வறுவலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அக்காவிடம் மறைத்ததை அவன் நண்பனிடம் சொல்லியிருக்கிறான். மைக் பிடிக்கிற இந்தப் பஸ்காரன்தான் அந்த நண்பன். அவன் ஊருக்குச் சொல்லிவிட்டான்.

மனைவி பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

பஸ்காரன் கெட்டவன் இல்லை. இதையும் சொல்ல வேண்டும். மச்சானுக்கு மார்பிள் கம்பெனி வேலை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். அடையாள அட்டை மாற்ற வேண்டும், பேங்கில் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் லீவு போட்டுக் கூடப் போவான். கவுண்டரில் மச்சான் முட்டிக்கொண்டு நிற்கும்போது பாக்கிப் பேச்சை இவன் பேசி முடிப்பான். அதே வாய்தான் மண்டபத்தில் அவன் மாதிரி பேசிக் காட்டியது. இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

பல பேர் சொல்வார்கள், அவனே சிரிக்கிறான், உனக்கென்ன என்று. உண்மைதான். மச்சான் சிரிப்பான். மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரிப்பான். ஆனால் நான் கவனித்த ஒன்று உண்டு. ஜோக் முடிவதற்கு முன்னாலேயே அவன் சிரித்துவிடுவான். அடி விழுமுன் கையைத் தூக்கித் தலையை மூடிக்கொள்வோமே, அந்த மாதிரி.

ஒரு நாள் காப்பிக்கடையில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன், ஏன் சிரிக்கிறாய் என்று. அவன் பதில் சொல்ல நேரம் எடுத்தது. நான் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அவன் பேசும்போது முகத்தைப் பார்க்காமல் இருப்பது என் வழக்கம். பார்த்தால் இன்னும் திக்கும்.

"நான் சி… சிரிக்கலைன்னா அவனுங்க நிறுத்திருவானுங்க மச்சான். எ… எல்லாரும் சும்மா இருப்பானுங்க. அது… அது ரொம்பக் க… கஷ்டம். சிரிச்சா நகர்ந்து உக்கார எடம் கொ… கொடுப்பானுங்க."

நான் இன்னொரு காப்பி கொண்டுவரச் சொன்னேன்.

திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் கோயிலில் காய் வெட்டுவோம். அது எங்கள் வழக்கம். மறுநாள் அன்னதானத்துக்கு வேண்டிய காய் எல்லாம் அன்றைக்கே நறுக்கி வைத்துவிட வேண்டும். நீலக் கேன்வாஸை விரித்து ஆணும் பெண்ணும் வட்டமாக உட்கார்வோம். பூசணி, கத்திரிக்காய், முட்டைக்கோஸ். வெங்காயத்தைக் காற்றுப் போகிற பக்கம் தள்ளி வைப்பார்கள். வருடம் முழுவதும் பார்க்காதவர்கள் அங்கேதான் பேசிக்கொள்வது. யார் வீட்டில் கல்யாணம், யாருக்குச் சர்க்கரை, யார் செத்தது, எல்லாம் அங்கேதான் தெரிய வரும்.

நான் சொல்ல வருவது நோய்த்தொற்று முடிந்து மறுபடி திருவிழா நடத்த விட்ட பிறகு வந்த ஒரு வருடம். கூட்டம் அதிகம். பஸ்காரன் கேரட் சீவிக்கொண்டிருந்தான். யாரோ அவனை ஏதாவது சொல்லச் சொன்னார்கள். பழைய பஸ் ஜோக்கைத் தொடங்கினான். அது தெரிந்ததுதான், புதுசா சொல்லு லா என்று ஒரு பெண் சொன்னாள். அவன் கொஞ்சம் யோசித்தான். கேரட்டைச் சூலம் மாதிரி பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

நாளைக்கு அம்மன் வருகிறாள், ஆனால் வருகிற அவசரத்தில் திக்கையும் கூடவே பிடித்துக்கொண்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றான். ஒரு பெண் எதிரில் நிற்கிறாள், எனக்கு எப்போது கல்யாணம் ஆகும் தாயே என்று. அம்மன் "ம்… ம்… ம்… ம…" என்று தொடங்குகிறாள். கண்ணை மூடினான். வலது காலைத் தட்டினான். உடம்பு ஆடியது. அப்படியே ஆடிக்கொண்டு கேன்வாஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கடைசியில் "மகளே" என்று சொல்லி முடிக்கும்போது, அந்தப் பெண் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றோடு நிற்கிறாளாம். "பரவால்ல தாயே, அது ஆயிருச்சு. மூணாவது எப்பன்னு சொல்லுங்க" என்கிறாளாம்.

கேன்வாஸே குலுங்கியது. கோயில் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மச்சான் பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் முதுகில் தட்டினான். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. என் மனைவி சிரிக்கவில்லை. அவள் கத்தியை ஓரமாக வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். வந்து என்னிடம் மெல்லச் சொன்னாள்.

"அவனைச் சொல்லட்டும். அது பழகிப்போச்சு. அவன் மேல எறங்கறதையுமா சொல்றது?"

அடுத்த பூசணியை எடுத்தேன்.

மறுநாள் பால்குடம் வந்து அபிஷேகம் முடிந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. தகரக் கொட்டகைக்குக் கீழே நிற்க முடியவில்லை. உருமி மேளம் ஏறியது. நான் துண்டை நனைத்து மச்சான் இடுப்பில் சுற்றினேன். அவன் கண்ணை மூடி அம்மனுக்கு முன்னால் நின்றான்.

சாமி வருவது எனக்குத் துண்டில் தெரியும். முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு ஒரு கனம் வரும், கிணற்றில் வாளி இறங்கும்போது கயிறு கனப்பதைப் போல. அவன் மெலிந்த ஆள். அந்த நேரத்தில் அவனை நான் தூக்கினாலும் தூக்க முடியாது. அன்றைக்கும் கனம் வந்தது. அதை நான் எங்கு வேண்டுமானாலும் சொல்லுவேன். என் கைக்கு வந்தது.

முதல் ஆளாக ஒரு அக்கா முன்னால் வந்தார். எங்கள் லயத்தில் இருந்தவர். புருஷனுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரி. ரத்தம் சுத்தம் செய்கிறதைத் தொடர்வதா, வேண்டாம் என்று புருஷன் சொல்வதைக் கேட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் வந்தார். கையைக் கூப்பி, சத்தமாகவே கேட்டார். நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

மச்சானுக்கு வாக்கு வருவதற்கு முன்னால் எப்போதும் மூச்சு கட்டிக் கட்டி வரும். நெஞ்சிலிருந்து "ம்… ம்…" என்று ஒரு சத்தம். அது திக்கு இல்லை. அவன் திக்கும்போது உடம்பு இறுகும். இதில் உடம்பு தளர்ந்திருக்கும். எல்லா வருடமும் அந்தச் சத்தம் வந்தது. பின்னால் நிற்கிறவன் நான், எனக்குத் தெரியும். முன்னால் நிற்கிறவர்களும் எல்லா வருடமும் கேட்டதுதான். அந்த வருடம் மட்டும் அதற்கு முன்னால் ஒரு ஜோக் இருந்தது.

"ம்… ம்…"

கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். அடக்கப் பார்த்து மூக்கு வழியாக வந்த சிரிப்பு. பக்கத்தில் இன்னொருவர். பிறகு காய் வெட்டின கூட்டம் முழுவதும். யாரும் வேண்டுமென்று சிரிக்கவில்லை. பல பேர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்கள். தோள் குலுங்கியது. கோயிலில் சிரிக்கக் கூடாது என்று நினைத்தால் இன்னும் அதிகமாக வருமே, அந்தச் சிரிப்பு.

அப்போது பஸ்காரன்தான் மைக்கில் இருந்தான். அவன் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய்விட்டது. "சிரிக்காதீங்க, தயவு செஞ்சு சிரிக்காதீங்க" என்றான். அவன் குரல் மைக்கில் வந்ததும் சிரிப்பு கூடியது. அந்தக் குரல் என்றால் சிரிக்க வேண்டும் என்று எங்களுக்குப் பழக்கம். அவன் மைக்கை அணைத்துவிட்டுக் கீழே வைத்தான்.

துண்டில் கனம் போய்விட்டது. திடீரென்று என் கையில் இருப்பது ஒரு மெலிந்த ஆளின் இடுப்பு. மச்சான் கண்ணைத் திறந்தான். எங்கே நிற்கிறோம் என்று தெரியாத மாதிரி பார்த்தான். எதிரில் அக்கா கையைக் கூப்பியபடியே நின்றார். அவரிடம் ஏதோ சொல்லப் பார்த்தான். சொல் வரவில்லை. கழுத்து புடைத்தது. கண் மூடியது. கால் தட்டியது. "நா… நா… நா… நான்…" இது திக்குத்தான். இதை எல்லாரும் கேட்டார்கள்.

சிரிப்பு நின்றுவிட்டது. அதுதான் மோசம். சிரிப்பு நின்ற இடத்தில் வேறொன்று வந்தது. ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக்கொண்டார்கள். அப்படியென்றால் இத்தனை வருடம் பேசியது யார் என்று.

தலைவர் மேளத்தை நிறுத்தச் சொன்னார். நேராக அன்னதானம் என்றார். நான் துண்டை அவிழ்த்தேன். மச்சான் பின்பக்கமாகப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு என் வேனில் ஏறி உட்கார்ந்தான். வெயிலில் நின்ற வேன், உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும். கண்ணாடியைக்கூட இறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

யாரோ அதைப் போனில் வீடியோ படம் எடுத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. சிலர் சிரிக்கிற முகம் போட்டார்கள். ஒருவர், பக்தியோடு விளையாடாதீர்கள் என்று எழுதினார். அது சிரித்தவர்களுக்கு என்று நான் நினைத்தேன். பிறகு புரிந்தது, அது மச்சானுக்கு. அவன் இத்தனை காலம் நடித்தான் என்று பேச்சு வந்துவிட்டது. சாமிக்குத் திக்காதே, திக்கினதே, அப்போது அது சாமி இல்லை. இந்தக் கணக்கில் யாருக்கும் தப்பு தெரியவில்லை. சிரித்ததைப் பற்றியும் அதோடு பேச்சு இல்லை. பொய்ச் சாமியைப் பார்த்துச் சிரித்தால் தப்பில்லையே.

என் மனைவி அந்தக் குழுவிலிருந்து வெளியேறினாள்.

அந்த அக்காவை நான் பிறகு ஒரு நாள் ஈப்போ பசாரில் பார்த்தேன். கோழி வாங்கிக்கொண்டிருந்தார். மச்சான் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். இருக்கிறான் என்றேன். புருஷனைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதாக. பிறகு கோழிப் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்.

"திக்கினா என்ன தம்பி? நான் நின்னு கேட்டிருப்பேன். எனக்கு என்ன அவசரம்? மத்தவங்களுக்குத்தான் சிரிக்க அவசரம்."

பஸ்காரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். மச்சானுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருக்கிறான். ஃபிளாட்டில் பின் அறை அவனுடையது. பஸ்காரன் ஒரு கட்டு ரம்புத்தான் பழம் கொண்டுவந்தான். நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தான். வேண்டுமென்று செய்யவில்லை என்றான். இனிமேல் திக்குவாய் ஜோக் சொல்ல மாட்டேன் என்றான். பேசத் தெரிந்தவன், அன்றைக்குச் சொல் சொல்லாகப் பொறுக்கினான். மச்சான் சிரித்தான்.

"ஜோ… ஜோக்குத்தானே லா. விடு."

மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். சர்க்கரை போடவில்லை, மறந்தாளா தெரியாது. பிறகு மச்சான் சொன்னான்.

"அன்னிக்குச் செ… செஞ்சியே. காய் வெட்டறப்போ. அதை இன்னொரு வாட்டி செய்."

பஸ்காரன் விளங்காத மாதிரி பார்த்தான்.

"கா… காமி லா. சாமி வந்தா நான் எ… எப்படி இருப்பேன்னு எனக்குத் தெ… தெரியாது. நான் பா… பாத்ததே இல்ல. நீ பாத்திருக்க."

அவன் கேலியாகக் கேட்கவில்லை. பழி வாங்கவும் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் படத்தை ஏன் பார்க்கவில்லை என்று நான் நினைத்தேன். பிறகு நினைத்தேன், அதில் சாமி போன பிறகு நடந்ததுதானே இருக்கும்.

பஸ்காரன் எழுந்து நின்றான். ஒரு காலைக் கொஞ்சம் தூக்கினான். தட்டவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டான். தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பஸ் கழுவ வேண்டும் என்று சொல்லிக் கிளம்பினான். ரம்புத்தான் மேசையிலேயே கிடந்து கறுத்துப்போனது.

அடுத்த திருவிழாவுக்கு முன்னால் தலைவர் போன் செய்தார். நல்ல மனிதர், நல்லபடியாகத்தான் சொன்னார். இந்த வருடம் தம்பி முன்னால் நிற்க வேண்டாம், ஓய்வாக இருக்கட்டும், ஜனங்கள் மறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். வேறு யாருக்கு வருகிறதோ வரட்டும். பிடித்துக்கொள்ள மட்டும் நீங்கள் வந்துவிடுங்கள் என்றார். சரி என்றேன். மச்சானிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அப்படியே சொன்னேன். அவன் தலையாட்டினான். பாத்திரம் கழுவ ஆள் வேண்டுமா என்று கேட்டான்.

திருவிழா அன்று காலையில் வேனில் போய்க்கொண்டிருந்தோம். மனைவி முதல் நாளே காய் வெட்டப் போய்த் தங்கிவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும்தான். சுண்ணாம்பு மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. கோப்பெங் தாண்டியதும் மழை பிடித்தது. மச்சான் வெளியே பார்த்துக்கொண்டே பேசினான்.

"மச்சான். ஒ… ஒண்ணு கேக்கறேன். மச்சான்னா கே… கேலி பண்ணணும். முறை. எல்லா மச்சானும் ப… பண்றான். நீங்க மட்டும் எ… என்னை ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்ல."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"பா… பாவம்னு விட்டுட்டீங்களா?"

இல்லை என்றேன். நான் யாரையுமே கேலி செய்கிறவன் இல்லை, பேச்சே வராது என்று சொல்லியிருக்க வேண்டும். அது உண்மையும்கூட. ஆனால் முழு உண்மையா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மற்ற மச்சான்மார்களை நான் ஒன்றிரண்டு சொல்லியிருக்கிறேன். தொப்பையைச் சொல்லியிருக்கிறேன், குறட்டையைச் சொல்லியிருக்கிறேன். இவனிடம் அதுகூட இல்லை. அவன் மற்றவர்கள் சிரிப்பில் ஓர் இடம் வாங்கி உட்கார்ந்தான். என் பக்கத்தில் அந்த இடமும் இல்லை என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறான். மழை கண்ணாடியில் அடித்தது. அவன் பதிலுக்குக் காத்திருந்தான். பிறகு காத்திருக்கவில்லை.

கோயிலில் அவன் நேராகப் பின்பக்கம் போய்விட்டான். அங்கே பெரிய குண்டான்கள், தண்ணீர்க் குழாய், சாம்பல். நான் முன்னால் போனேன். மழை விட்டு வெயில் வந்தது. பால்குடம் வந்தது. ஒரு இளம்பெண்ணுக்கு லேசாக ஆட்டம் இருந்தது. அவளைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். காம்பாரிலிருந்து வந்த ஒருவர் அம்மனுக்கு முன்னால் நின்றார். எனக்குத் துண்டைக் கொடுத்தார்கள். உருமி தொடங்கியது.

சுற்றினேன். அவர் ஆடினார். துண்டில் கனம் இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை, அது என் வேலை இல்லை. கர்ப்பகிரகத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து. அதன் வழியாகப் பின்பக்கம் தெரியும். மச்சான் ஒரு குண்டானின் இரண்டு காதையும் பிடித்துக் குனிந்து நின்றான். கழுவவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் நின்றான். குண்டான் தரையில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.

துண்டின் முனைகளைப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போனேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. யார் வந்தது என்று தெரிந்திருந்தது.

"பு… புடிங்க மச்சான். வர வி… விடாதீங்க."

என்னிடம் துண்டு இல்லை. இரண்டு கையாலும் அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். சட்டையெல்லாம் ஈரம், சோற்று நீர் வாடை. கனம் வந்துகொண்டிருந்தது. அதே கனம். கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி. இழுக்கக் கூடாது என்பதுதான் இந்த வேலையில் முதலில் சொல்லிக் கொடுப்பது. நான் இழுத்தேன். என் பலம் எல்லாம் போட்டு, வருகிற பக்கத்துக்கு எதிராக இழுத்தேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு குண்டானைப் பிடித்திருந்தான். அவன் மூச்சு கட்டத் தொடங்கியது. அந்த "ம்… ம்…" நெஞ்சுக்குள் ஏறி வந்தது. அவன் வாயைக் குண்டான் விளிம்பில் வைத்து அழுத்திக்கொண்டான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேளம் நின்றது. அவன் உடம்பு லேசானது.

"போ… போயிருச்சு," என்றான்.

நான் உடனே கையை எடுக்கவில்லை. அவன் உதட்டில் கரி ஒட்டியிருந்தது. திரும்பினால் சந்தில் அந்த அக்கா நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சேலை. புருஷன் போய்விட்டார் என்று அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. இந்த வருடம் அவருக்குக் கேட்க ஒன்றும் இல்லை. எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையைக் கூப்பினார், மச்சானுக்கா வேறு யாருக்கா என்று தெரியவில்லை. பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாம்பலைத் தொட்டு ஒரு கரண்டியைத் தேய்க்கத் தொடங்கினார்.

மச்சான் குழாயைத் திறந்தான். நான் குண்டானைச் சாய்த்துப் பிடித்தேன். எனக்குள் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. மச்சான் முறைக்கு ஒரு கேலி. என்னய்யா மச்சான், குண்டானுக்கு முத்தம் கொடுத்தியா என்று கேட்டிருக்கலாம். சொல் தொண்டைவரை வந்தது. வெளியே வரவில்லை.

முன்பக்கம் மைக் சத்தம் கேட்டது. பஸ்காரன் ஏதோ சொன்னான். கூட்டம் சிரித்தது. எதற்கு என்று எங்களுக்குக் கேட்கவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மச்சான் தலையைத் தூக்கினான். அவனும் சிரித்தான்.